சுரங்க வாயிலில் ஒரு பலகை

மீன் பிடித்துவிட்டுத் திரும்பும் வழியில், லாரல் ஃபோர்க் ரயில் சுரங்கப்பாதை அருகே டாயில் பென்லண்ட் தன் பிக்கப் வண்டியைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பினார். பின்னால் மொத்தென்று இடித்தது. இறங்கிப் பார்த்தபோது, போன மாதம் நட்ட இரும்புக் கம்பம் அடியோடு பெயர்ந்து கிடந்தது. அதன் உச்சியிலிருந்த வார்ப்புப் பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. இந்த மலையைக் குடைந்து தண்டவாளம் போட்டவர்கள் கைதிகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர், மண் சரிந்து செத்தவர்களை இங்கேயே புதைத்தார்கள் என்ற வாசகத்தின் குறுக்கே விரிசல் ஓடியது. சுற்றிலும் ஈ காக்கை இல்லை. டாயில் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார்.

வேறு யாராவது இடித்திருந்தால் அன்று மாலையே ஷெரீஃபுக்குப் போன் போட்டுச் சொல்லியிருப்பார்கள். டாயிலால் முடியவில்லை. அந்தப் பலகை கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசியவரே அவர்தான். "திருட்டுப் பசங்களுக்கெல்லாம் பலகையா? எங்க தாத்தா ரயில் ஓட்டின லைன் இது, நான் ஓட்டின லைன்" என்று அவர் சொன்னபோது பாதிக் கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் லவோன் விட்மயர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊரின் பள்ளிப் பேருந்தைப் பல வருடம் ஓட்டியவள். அந்தப் பலகைக்காக மாநிலத் தலைநகர் ராலேவுக்கும் ஊருக்குமாக ஆண்டுக்கணக்கில் அலைந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி, யாருடைய கொட்டகையிலோ ஒரு ராத்திரி படுத்துத் தூங்கியதற்காகப் பிடிபட்டு, இந்தச் சுரங்கத்துக்குள் போனவன் திரும்பவில்லை.

மறுநாள் டிவிக்காரர்கள் வந்தார்கள். யாரோ வன்மத்தில் செய்த வேலை என்று ஊரே பேசியது. லவோன் போகும் கறுப்பினத்தவரின் தேவாலயத்து வாசலில் காவலுக்கு ஆள் போட்டார்கள்.

வார இறுதியில் காலை உணவுக்கு டாயில் டார்லாவின் கடைக்குப் போனார். டார்லா காபியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "லவோனோட மக சார்லட் சிட்டிலேர்ந்து வந்திருக்கா, டாயில். அம்மாவைக் கையோட கூட்டிட்டுப் போறாளாம். இன்னிக்குப் பலகை, நாளைக்கு வீடுங்கறா. அவ சொல்றதும் நியாயந்தானே?"

பக்கத்து நாற்காலியில் இருந்த ரெக்ஸ் அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். டாயிலோடு ரயிலில் வேலை பார்த்தவன். "எவன் செஞ்சானோ, அவனுக்கு ஒரு பீர் வாங்கித் தரணும்ப்பா" என்று கண்ணடித்தான்.  டாயில் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, லவோன் வீட்டுக்குப் போனார்.

லவோன் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். டாயில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கம்பத்தை இடிச்சது நான்தான், மிஸ் லவோன். ரிவர்ஸ் எடுக்கறப்போ பட்டிருச்சு. வேணும்னு செய்யலை."

அவள் கை நின்றது. "கண்ணாடியில கம்பம் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"நீ ரயில் ஓட்டினவன். லைன்ல ஒரு மாடு நின்னாக்கூட கை தன்னால பிரேக்குக்குப் போகும்பாங்க. பிரேக் போட்டியா, டாயில்?"

போட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியில் அந்தக் கம்பம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. கால் எங்கே இருந்தது என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. எத்தனை தடவை யோசித்தாலும் அந்த இடத்தில் வெறும் இருட்டு.

"தெரியலை" என்றார். "சத்தியமாத் தெரியலை."

லவோன் அடுத்த தட்டை எடுத்தாள். "எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப்போகுது? அன்னிக்கு உனக்குக் கைதட்டினாங்களே, அவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

அங்கிருந்து நேராக ஷெரீஃபிடம் போனார். பிறகு டார்லாவின் கடைக்குத் திரும்பி எல்லோர் எதிரிலும் சொன்னார். "அட, அதுக்கென்ன, விபத்துதானே" என்று ரெக்ஸ் சிரித்தான்.

"இருக்கலாம்" என்றார் டாயில். "இல்லாமலும் இருக்கலாம், ரெக்ஸ். எனக்கே தெரியலை."

ரெக்ஸின் சிரிப்பு அடங்கியது. காபியை முடிக்காமலே எழுந்து போனான்.

அடுத்த சனிக்கிழமை தேவாலயத்து ஆட்கள் புதுக் குழி தோண்டினார்கள். பிளந்த பலகையை இரும்புப் பட்டை வைத்து முடுக்கியிருந்தார்கள். யாரும் கூப்பிடாமலே டாயில் போனார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சிமெண்ட் இறுகும்வரை கம்பத்தை நேராகப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் தள்ளிப்போய் மர நிழலில் நின்றார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் மகளின் காரில், பின்னிருக்கை முழுக்கப் பெட்டிகளோடு, லவோன் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள். கார் இன்னும் கிளம்பவில்லை.

சுரங்கத்துக்குள்ளிருந்து சரக்கு ரயிலின் ஊதல் கேட்டது. தரை அதிரத் தொடங்கியது. குழியிலிருந்த ஈரச் சிமெண்ட் மேலெல்லாம் சின்னச் சின்னதாய் அலை எழுந்தது. டாயில் இரண்டு கைகளாலும் கம்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டார்.