பந்திக்கு வெளியே ஒரு மனு

ஞானசிகாமணி ஆவடி குவார்ட்டர்ஸ் கிறிஸ்தவ சபையில் பதினோரு வருடம் செயலாளர். மனிதர்களைக் கடவுள்தான் நரகத்தில் தள்ளுகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. தள்ள வேண்டியவர்களின் பெயர்களை அவ்வப்போது ஜெபத்தில் நினைவூட்டியும் வந்தார். தொண்ணூற்றொன்றாம் வருடச் சபைத் தேர்தலில் கேன்டீன் சமையல்காரன் வேம்புலி, ஞானஸ்நானம் எடுத்தும் பெயரை மாற்றாதவன், இரண்டே ஓட்டில் அவரைத் தோற்கடித்தான். அன்றோடு பேச்சு நின்றது. பிறகு வேம்புலி செத்தான். அடுத்த வருடம் இவரும்.

செத்தவரை ஒரு மின்சார ரயில் ஏற்றிக்கொண்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக் கூரைகள் பனியில் மிதந்தன. ஆவடி ஏரி மேலெழுந்து ஜன்னலோரம் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. பெயர்ப்பலகை இல்லாத நிலையத்தில் ரயில் நின்றது.

எதிரே ஷாமியானா. சபையில் நடக்கும் அறுப்பின் பண்டிகை விருந்துபோல நீளப் பந்தி. வாசலில் கதவுமில்லை, காவலுமில்லை. ஒரே ஓர் இலை காலி. பக்கத்தில் வேம்புலி.

"வா அண்ணாத்தே! இன்னா இவ்ளோ லேட்டு? உனக்குத்தான் எடம் புட்ச்சி வச்சிகினு கீறேன். குந்து."

"முன்வரிசை நாற்காலியெல்லாம் எங்க?"

"நாற்காலியா? தோ பாரு, பிஷப்பே தரையிலதான் குந்திகினு கீறாரு."

"உன் பக்கத்துல நான் உட்கார மாட்டேன். நீ அந்தக் கோடிக்குப் போ."

வேம்புலி சட்டென்று எழுந்தான். "போறேன் நைனா. நீ துன்னா போதும்."

அதைத்தான் ஞானசிகாமணியால் தாங்க முடியவில்லை. "உன் தயவுல நான் சாப்பிடணுமா?" என்று திரும்பி நடந்தார். யாரும் தடுக்கவில்லை, யாரும் தள்ளவுமில்லை.

பிளாட்பார பெஞ்சில் தனியாக உட்கார்ந்து மனு எழுதத் தொடங்கினார். பனி அடர்ந்தது. ரயில்கள் காலியாக வந்து, கதவு திறந்து நின்று, போயின. எத்தனை வருடமோ.

பரிமாறுகிற ஆள், சாம்பார் வாளியோடு வெளியே வந்தார். "சாப்பிட வாங்க ஐயா. இலையை இன்னும் எடுக்கல."

"இந்தப் பந்தியை நடத்துற பெரியவர்கிட்ட ஒரு மனு கொடுக்கணும்."

"என்கிட்ட கொடுங்களேன்."

"சாம்பார் ஊத்துறவன்கிட்ட கொடுக்கிற மனு இல்லைய்யா இது. போ."

பந்தியில் யாரோ சோறு கேட்கவே, அவர் உள்ளே போனார்.

ஞானசிகாமணி பேனாவை உதறி எட்டாவது புகாரைச் சேர்த்தார்: 'பரிமாறும் நபரின் இரு உள்ளங்கைகளிலும் ஆறாத துளைக் காயங்கள் உள்ளன. இப்படிப்பட்டவரைப் பந்தியில் விடுவது சுகாதாரக் கேடு.'