வீரக்குட்டி தள்ளிய பனி

மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதியை ஒட்டிய பிளாசாவில், கடைகளின் முன்னே, வீரக்குட்டி தள்ளிய பனி ஒருநாளும் தண்ணீரானதில்லை. அவருடைய பனிவாரும் சவளின் விளிம்பு பட்ட இடத்தில் அது வெள்ளைப் புகையாக எழும்பி அப்படியே போய்விடும். கீழே கொங்கிறீற் ஆடி மாதத்துத் தரைபோலக் காய்ந்து கிடக்கும். இடியப்பக் கடைக்காரரும் டோனட் கடை ஏஞ்சலாவும் முதல் பனிமாரியில் கதவுக்கு வெளியே வந்து பார்த்தார்கள். அடுத்த மாரியில் பார்க்கவில்லை, குளிர். வழுக்கி விழுந்து வழக்குப் போட ஆளில்லை என்று கொன்ராக்டர் றோய்க்குப் பெரிய நிம்மதி. இன்னும் இரண்டு பிளாசாக்களை வீரக்குட்டியின் தலையில் கட்டினார். வீரக்குட்டி மாட்டேன் என்று சொல்லவில்லை. எதற்கும் மாட்டேன் என்று சொல்லாத மனிதராகி அவருக்குப் பல வருடமாகியிருந்தது.

பனி எதனால் அப்படிப் போனது என்று அவருடைய மனைவி பரிமளத்துக்குத் தெரியும். கோபத்தால்தான். யுத்த காலத்தில், மட்டக்களப்புப் பக்கம் அவர்களுடைய ஊரில் வீரக்குட்டியின் தம்பி கோணாமலையைச் சந்தையில் வைத்துப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோனீர்கள் என்று இவர் கேட்கப்போன இடமெல்லாம் கதவைச் சாத்தினார்கள். அந்தக் கோபத்தை அவர் விமானத்தில் ஏற்றிக்கொண்டு இந்தக் குளிர்நாட்டுக்கு வந்தார், முதலில் இருந்த பார்க்டேலில் ஒற்றை அறையில் வைத்திருந்தார், பிறகு மில்லிக்கன் வீட்டுக்கும் கொண்டுவந்தார். கறியில் உப்புக் குறைந்தாலும் அது எழும்பும், மகள் சப்பாத்தை வாசலில் கழற்றிப் போட்டாலும் எழும்பும். ஒரு மாரிகாலப் பின்னேரம் அவர் பரிமளத்தை அடிக்கக் கை ஓங்கினார். அப்போது பள்ளிக்கூடப் பிள்ளையான மகள் யதுஷா மேசைக்கு அடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஓங்கிய கையை இறக்காமலே அவர் வெளியே போனார், சவளை எடுத்தார், ட்ரைவ்வேயில் கிடந்த பனியைக் குத்தினார். அன்றைக்குத்தான் முதன்முதல் பனி புகைந்தது. உள்ளே வந்தபோது அவர் முகம் தலை முழுகிய ஆளின் முகம்போல இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கை ஓங்கவில்லை, குரல் உயர்த்தவில்லை.

கண்ணகை அம்மனுக்கு வைத்த நேர்த்தி பலித்துவிட்டதென்று பரிமளம் பொங்கல் பொங்கினாள். மற்றப் பெண்கள் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் ஒரு வாய்க்காலை வெட்டிவிட்டால் இந்தத் தண்ணீர் போ, அந்தத் தண்ணீர் நில் என்று சொல்ல முடியாது. கோபம் போன வழியில் மற்றதுகளும் போகத் தொடங்கின. முதலில் சிரிப்பு, பிறகு ருசி, பிறகு இரவில் அவளைத் தேடிவரும் கை. யதுஷாவின் கல்யாணத்தில் தாரைவார்க்கும்போது சபையே மூக்கை உறிஞ்ச, வீரக்குட்டி தபால் பெட்டிபோல நின்றார். அன்று விடியத் தள்ளிய பனியோடு அவருடைய கண்ணீரும் போயிருந்தது. அவர் பிடித்த தேத்தண்ணிக் கோப்பை உடனே ஆறியது. கட்டிலில் அவர் பக்கத்துப் போர்வையில் மெல்லிய உறைபனி படியும். பரிமளம் காலையில் அதைப் மேசையில் சிந்திய பாண்தூளை உதறுவதுபோல உதறி மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். கோடையில் ஆள் திரும்பி வருமென்று வருடக்கணக்காகப் பார்த்தாள். கோடையில் அவர் அரிசி கொட்டிய வெறும் சாக்கு.

யதுஷா மனநலம் படித்து, ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கியிருந்தாள். அவள் தாய்க்கு விளங்கப்படுத்தினாள். அப்பா செய்வதற்கு ஒரு பெயர் இருக்கிறது, சப்ளிமேஷன். உள்ளே கிடந்து ஆளையும் மற்றவரையும் தின்னக்கூடிய வேகத்தை ஊருக்கு உதவும் வேலையாக மாற்றுவது. மனித மனம் செய்யக்கூடியதில் அதுதான் உயர்ந்தது என்று பழைய டொக்டர்மார் எழுதி வைத்திருக்கிறார்கள். பரிமளம் மரக்கறி வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஊருக்கு நல்லதுதான் மகள். எனக்கு மிச்சம் ஒண்டும் வரல்லயே."

அந்த மாசி மாதம் அவள் போவதென்று முடிவெடுத்தாள். சண்டை பிடித்துக்கொண்டு போக முடியவில்லை, சண்டை பிடிக்க ஆள் இல்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் யதுஷா காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினாள். பரிமளம் பெட்டியோடு வெளியே வந்து, நான் மகளோடு போய் இருக்கப்போகிறேன், இனி வரமாட்டேன் என்று புருசனிடம் சொன்னாள். அவர் பனி தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஓம், போ," என்றார். "குளிர் உடுப்பு எடுத்தியா?"

அதில் ஒரு துளி வருத்தமாவது இருந்திருந்தால் அவள் காரில் ஏறியிருப்பாள். சுவரில் இன்னொரு சவள் சாத்தியிருந்தது. அதன் கைப்பிடி வளையத்தைக் கண்டதும் அவளுக்குக் கொம்பு நினைவு வந்தது. மழை பொய்த்தால், அம்மை பரவினால், அம்மனின் மனம் குளிர அவர்கள் பக்கம் கொம்பு முறிப்பார்கள். வளைந்த இரண்டு மரக்கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, ஊரே இரண்டாகப் பிரிந்து வடசேரி ஒரு பக்கம் தென்சேரி ஒரு பக்கமாக, ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். இழுக்கும்போது எதிர்ச்சேரியைப் பாட்டில் ஏசுவார்கள். புருசன் ஒரு சேரி, பெண்சாதி மறுசேரி என்றாலும் விட்டுக்கொடுப்பதில்லை, ஏச்சை மனதில் வைப்பதுமில்லை. வீரக்குட்டி வடசேரி. பரிமளம் தென்சேரி.

அவள் சவளை எடுத்து, தன் வளையத்தை அவருடைய வளையத்தில் கொழுவி இழுத்தாள்.

"வடசேரியான் கொம்பு வாழைத்தண்டுக் கொம்பு, வழிச்ச பனியில வழுக்கி விழுந்த கொம்பு."

"அம்மா, ப்ளீஸ். நெய்பேர்ஸ் பாக்கிறாங்க," என்றாள் யதுஷா.

"பாக்கட்டும். அவங்களுக்கும் சேரி இருக்கும்."

வீரக்குட்டி மரியாதைக்குப் பிடிப்பவர்போலப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் இன்னும் இரண்டு பாட்டுப் பாடினாள். அவருடைய ஆட்களைப் பாட்டில் இழுத்தாள், மூக்கையும் இழுத்தாள். ஒன்றும் அசையவில்லை. அவளுக்குக் களைத்துப்போனது. அப்போது பாட்டில் இல்லாத ஒன்று வாயில் வந்தது.

"தம்பியத் தேடிப் போனான் வடசேரியான். தம்பியும் வரல்ல, போனவனும் வரல்ல."

சவள் இறுகியது. அவர் அவளைப் பார்த்தார். பார்க்டேலில் பார்த்த அதே கண்.

"வாயப் பொத்தடி தென்சேரியாள்," என்றார்.

கை சவளைவிட்டு எழும்பவில்லை. இழுத்தது. தென்னம்பாளைக் கொம்பு, தேரை குந்தினால் தெறிக்கும் கொம்பு என்று அவரும் தொடங்கினார். பாட்டுப் பாதியில் அறுந்து, தம்பியின் பெயராக வந்தது. கோணாமலை, கோணாமலை என்று தெரு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டார். வளையம் படாரென்று முறிய இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தார்கள். அவரைச் சுற்றிக் கிடந்த பனி புகையாகவில்லை. சாதாரணத் தண்ணீராகி அவருடைய காற்சட்டையை நனைத்தது. அதோடு மழை இறங்கியது, மாசி மாதத்தில், இளஞ்சூடாக, மில்லிக்கன் முழுவதும். யதுஷா பெட்டியை நனையவிடாமல் தூக்கி வீட்டுக்குள் வைத்தாள். யாரும் வைக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் சொல்லவில்லை.

பிளாசாவில் பனி இப்போது எல்லா இடத்தையும்போல உருகிச் சேறாகி இறுகுகிறது. றோய் மற்ற இரண்டு பிளாசாக்களையும் திருப்பி எடுத்துக்கொண்டார். ஏஞ்சலா ஒருநாள் வழுக்கி விழுந்து, தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ் ஏச்சையும் சொன்னாள். வீரக்குட்டிக்கு முதுகு நோகிறது. நோகிறதென்று வீட்டில் வந்து கத்துகிறார். பரிமளம் திருப்பிக் கத்துகிறாள். அவர்கள் ஏசிக்கொள்ளும் நாட்களில் பனி கொட்டும் மாரியிலும் மழை வரும். இடியப்பக் கடைக்காரர் தன் காரைக் கழுவக் கொடுக்குமுன் பரிமளத்துக்குப் போன் எடுத்து, அண்ணையோடு இன்றைக்கு எப்படி என்று கேட்பார். அவள் உள்ளதைச் சொல்வாள்.