நிழலுக்கு நேர்ந்த கிடா

நாவல் கன்றின் கடைசிக் கொழுந்தை அந்தக் கிடா மென்று முடிக்கும்வரை அறக்கட்டளையின் ஐந்து உறுப்பினர்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். யானைக்கன்று அளவு கிடா. கொம்புக்கு ஒன்றாக இரண்டு சைக்கிளை மாட்டி வைக்கலாம். தின்று முடித்து எங்களை நிமிர்ந்து பார்த்தது. தலைவர் நல்லுசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகள் ஹேமலதாவுக்குக் கல்யாணம் ஆனால் வெட்டுவதாகக் கருப்புக்கு அதை நேர்ந்துவிட்டவர் அவர்தான். அதுவரை கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது. முள்வேலி போட்டுப் பார்த்தோம். வேலியைத் தின்றுவிட்டு முள்ளால் பல் குத்திக்கொண்டது.

இடம் ஆலத்தியூர் போகிற சாலையோரம் ஒன்றரை ஏக்கர். கல் லாரிகள் கிளப்பும் புழுதியில் எங்கள் ஊர்க் காக்கைகளெல்லாம் கொக்காகிவிட்டிருந்த காலம். பால்வாடிப் பிள்ளைகள் ஓடி விளையாட வேறு திடல் கிடையாது. அமிர்தவல்லியம்மாள் 2001இல் சாகும் முன் அதை அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார், ஒரு நிபந்தனையோடு. ஐந்தாவது ஆடி முடிவதற்குள் அங்கே நாங்கள் வைத்த மரம் ஒன்றின் நிழலில் ஓர் ஆள் முழுசாக உட்கார வேண்டும். இல்லையென்றால் இடம் திருச்சியில் இருக்கும் மகன் சுதர்சனுக்கு. அவரிடம் லாரி நிறுத்த இடம் கேட்டு ஆட்கள் காத்திருந்தார்கள். சுதர்சன் கெட்டவர் அல்ல. ஆடிக்கு ஆடி வந்து மொட்டைக் குச்சிகளைப் பார்த்து, எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்துவிட்டுப் போவார்.

கிடாவுக்கு வேறு தீனி காட்டித் திருப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். நல்லுசாமி வீட்டு வழக்கம் ஒன்று இருந்தது. வேண்டுதல் யாருக்காகவோ, அவர் கையால்தான் நேர்ந்த கிடாவுக்குத் தழை வைக்கலாம். ஹேமலதா அந்தப் பால்வாடியில்தான் டீச்சர். அறக்கட்டளைச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். கல்யாணம் வேண்டாம் என்றிருந்ததால் கிடாவுக்கு ஒரு புல்கூடக் காட்டமாட்டாள்.

இரண்டு ஆடி இப்படியே போனதும் அறக்கட்டளை கல்யாணத் தரகில் இறங்கியது. பாடாலூரிலிருந்து உடையார்பாளையம்வரை தாலி கட்டாத ஆண் எவனும் எங்கள் கண்ணில் படாமல் பஸ் ஏற முடியவில்லை. ஒருவழியாகப் பாடாலூர் மாப்பிள்ளை ஒருவர் பெண் பார்க்க வந்து போனார். அவர் தலை மறைந்ததும் ஹேமலதா செயலாளர் அழகேசனிடம் வந்தாள்.

"ஆடு வெட்டறதுக்காக எனக்குத் தாலியா சித்தப்பா?"

"செடியக் காப்பாத்தத்தாம்மா."

"அப்ப அந்த மாப்ள நாவக்கன்னையே கட்டிக்கட்டும்."

அழகேசன் அதற்குப் பிறகு மாப்பிள்ளை தேடவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஹேமலதாவே வந்தாள்.

"வேண்டுதல மாத்திக்குவோம்ப்பா. கல்யாணத்துக்கு வேணாம். அந்த எடத்துல ஒரு ஆளு ஒக்கார்ற நெழலு வுழுந்தா வெட்டறோம்னு சொல்லிருவோம். நானே தழை வைக்கிறேன்."

"நேந்தத மாத்துனா கருப்பு சும்மா வுடுமா?" என்றார் நல்லுசாமி.

"எனக்காக நேந்ததுதானே. நான் மாத்திக்கிறேன்."

பூசாரி கருப்பண்ணன் எங்கள் பொருளாளரும்கூட. அவர்மேல் அருள் வந்து, கற்பூரம் ஏற்றுவதற்கு முன்பே கருப்பு சம்மதித்துவிட்டது.

மறுநாள் காலை அகத்திக்கட்டோடு அவள் முன்னே நடக்க, கிடா பின்னாலேயே போனது. பால்வாடி வாசலில் படுத்துக்கொண்டது. பிள்ளைகள் அதற்கு ஹெட்மாஸ்டர் என்று பெயர் வைத்து முதுகில் ஏறினார்கள். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது கூடவே போகும். ஒருநாள் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது வாசலைவிட்டு நகரவில்லை. நல்லுசாமி சாமி கும்பிட வெளியே வர முடியாமல் சன்னல் வழியாகக் கும்பிட்டார். கிடா விட்டுப்போன இடத்தில் பூவரசு வைத்தோம். மூன்றே ஆண்டில் அது வானத்தை முட்டியது என்று எழுத ஆசைதான். ஓர் ஆள் கையைத் தூக்கினால் தொடுகிற உயரம் இருந்தது.

ஐந்தாவது ஆடியின் கடைசி ஞாயிறு, உச்சி வெயிலில் சுதர்சன் வந்தார். கருப்பண்ணன் அரிவாளைத் தீட்டி வாழையிலையில் வைத்திருந்தார். பந்திக்கு அழகேசன் பாத்திரம் எடுத்து வந்திருந்தார். ஊரே வந்திருந்தது. பிள்ளைகள் ஹெட்மாஸ்டரின் கொம்பில் சாமந்தி சுற்றிவிட்டிருந்தார்கள். எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது.

"யாராச்சும் ஒக்காருங்க, பாப்போம்" என்றார் சுதர்சன்.

நல்லுசாமி உட்கார்ந்தால் அவர் வயிற்றுக்கே மூன்று பூவரசு வேண்டும். வேறு யாரையும் கேட்பதற்குள் ஹேமலதா போய் மரத்தடியில் உட்கார்ந்தாள். தலை, தோள், மடி எல்லாம் நிழலுக்குள் அடங்கின. இடது கால் மட்டும் வெயிலில் நீண்டிருந்தது.

"கால உள்ள இழுத்துக்கம்மா, சரியாப் போயிரும். எடம் ஒங்களுக்குத்தான்" என்றார் சுதர்சன்.

அவள் பிள்ளைகளைப் பார்த்தாள். சாலையில் இரண்டு லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. வாழையிலையில் இருந்த அரிவாளைப் பார்த்தாள்.

"இழு ஆயி" என்றார் நல்லுசாமி.

கிடா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, வெயிலில் கிடந்த அந்தப் பாதத்தை மோந்து, வியர்வை உப்பை நக்க ஆரம்பித்தது. காற்றில் பூவரசு இலைகள் ஆடின. நிழலின் ஓரம் அவள் கணுக்கால்வரை வருவதும் பின்வாங்குவதுமாக இருந்தது.