ஆள் ஏற்றி இறுக்கிய வண்டி

கொஞ்சம் நகர்ந்து கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. ஃபேன் காத்து எல்லாருக்கும் வரட்டும். சொந்த வண்டியோட நட்டுங்களை முழுசா இறுக்காம, செஞ்சி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உருட்டிக்கிட்டே வந்த ஒரு மெக்கானிக்கோட கதை இது. கேட்டுட்டுச் சாப்பிடப் போகலாம்.

அவர் பேர் லாரன்ஸ். மேல்சித்தாமூர் போகிற ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு ஜீப் வேலை பார்த்தார். அங்கே இருந்து ஒன்றரை கிலோமீட்டர் கல்லுப் பாதையில் போனால் அவர் வீடு. ஆட்டோக்காரர்கள் அந்தப் பாதையைப் பார்த்தாலே வண்டியைத் திருப்பிவிடுவார்கள். லாரன்ஸின் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப் ஒன்றுதான் ஏறும்.

ஜீப்பில் முன் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கை இருக்கும். ஆர்ம் என்பார்கள். அது ஏறி இறங்குகிற மூட்டில் புஷ் என்று ஒரு ரப்பர். கல்லிலேயே ஓடினால் ரப்பர் தேய்ந்து, இரும்பும் இரும்பும் மோதி, டொக்கு டொக்கு என்று நம் முதுகெலும்பில் வந்து இடிக்கும்.

அந்த ரப்பரை மாற்றுவதில் லாரன்ஸுக்கு ஒரு முறை உண்டு. ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே நட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கினதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளும். ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். அதனால் வண்டியைத் தரையில் இறக்கி, அதில் தினமும் போகிறவர்களை அவரவர் இடத்தில் உட்காரவைத்து, அடியில் படுத்துக்கொண்டு கடைசி இறுக்கு இறுக்குவார். "மெக்கானிக் ஷாப்பா, எடை போடுற கடையா?" என்று கேலி பேசுவார்கள். ஆனாலும் குடும்பத்தோடு வந்து உட்காருவார்கள்.

ஊர் வண்டிக்கெல்லாம் செய்தவர், தன் வண்டிக்குச் செய்யவில்லை. சம்சாரம் ஜோசப்பின் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். "கல்லு ரோடுன்னா அப்படித்தான்" என்று மழுப்பிவிடுவார். நாலு வருஷத்துக்கு முன்னே அவளும் இறந்துபோனாள். அம்மாவின் வருஷப் பூசைக்குப் பெங்களூரிலிருந்து மகள் ரீட்டா வந்தபோது அவளுக்கு ஐந்து மாசம். அந்தப் பாதையில் வண்டி குலுங்கிய குலுக்கலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "இனிமே இந்த வண்டியில ஏறமாட்டேன் நைனா" என்றாள். சொன்னபடி அப்புறம் வரவேயில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ரீட்டா திரும்பிப் போன மறு வாரமே லாரன்ஸ் புது ஆர்ம், புது புஷ் எல்லாம் வாங்கி வந்தார். பேப்பர் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். அங்கேயே கிடந்தது. மாட்டலாம்தான். மாட்டினால் கடைசியில் ஏறி உட்கார யார் இருக்கிறார்கள்?

போன வெள்ளிக்கிழமை, வண்டி பிரேக் பிடித்தால் ஒரு பக்கமாக இழுக்க ஆரம்பித்தது. இனித் தள்ளிப்போட முடியாது. பழையதைக் கழற்றினார். ரப்பர் காய்ந்த ரொட்டி மாதிரி கையிலேயே உதிர்ந்தது. புதியதைப் பொருத்தி, சக்கரம் தொங்கத் தொங்க எல்லா நட்டையும் இறுக்கினார்.

பக்கத்து டீக்கடைப் பொன்னுசாமி எட்டிப் பார்த்தார். "இன்னாண்ணே, தொங்கவிட்டே இறுக்குற? ஊரானுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒண்ணா?"

"ஏத்தி உட்காரவைக்க ஆளு இல்லடா."

"நான் உக்காரட்டா? தொண்ணூறு கிலோ இருக்கேன்."

"நீ உக்கார்ந்தா ரப்பரு இல்ல, வண்டியோட சட்டமே முறுக்கிக்கும். போய் டீ ஆத்து."

அப்போதுதான் ரீட்டா போன் பண்ணினாள்.

"நைனா, நாளைக்குப் பாப்பாவைத் தூக்கிக்கினு வர்றேன். பன்னெண்டு மணிக்கு செஞ்சி பஸ் ஸ்டாண்டு. லாட்ஜில ரூம் போட்டுட்டேன். நீ அங்க வந்து பார்த்துடு."

"வீட்டுக்கு..."

"அந்த வண்டியில பாப்பாவை ஏத்தமாட்டேன் நைனா."

அவள் போனை வைத்துவிட்டாள். லாரன்ஸ் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு மறுபடியும் அடியில் படுத்து, இறுக்கின நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். கழன்று விழாத அளவுக்கு மட்டும் பிடிப்பு வைத்தார்.

மறுநாள் மாட்டு வண்டி வேகத்தில் டவுனுக்குப் போனார். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்தான். பஸ் ஸ்டாண்டு ஓரம் சமதரையாகப் பார்த்து நிறுத்தினார்.

ரீட்டா பஸ்ஸிலிருந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தை. அப்பா இளைத்திருப்பதைப் பார்த்தாள்.

"வீட்டுக்கு வரவேணாம்மா. அஞ்சு நிமிஷம் ஏறி உட்காரு, போதும். நட்டு இறுக்கணும்."

"பஸ் ஸ்டாண்டுலயா? எல்லாம் பார்க்கறாங்க நைனா!"

"பார்க்கட்டும். புது புஷ்ஷும்மா."

அந்த முறை என்னவென்று அவளுக்குத் தெரியும். சின்ன வயசில் எத்தனை பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முன் கதவைத் திறந்தாள். டிரைவர் சீட்டில் இரண்டு அரிசிச் சிப்பம், மேலே ஸ்பேனர் பெட்டி. அடியில் படுக்கிறவர், தன் எடைக்குப் பதிலாக ஏற்றி வைத்தது. குழந்தை மூட்டையைக் காட்டி "தாத்தா?" என்றது. ரீட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது.

பக்கத்து சீட்டைப் பார்த்தாள். "இது அம்மா இடம்" என்று மெதுவாகச் சொல்லி, எப்போதும் போலப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

லாரன்ஸ் சாக்கை விரித்து அடியில் படுத்தார். வண்டி பின்னால் கொஞ்சம் அமுங்கியிருந்தது. முன்னே இடது பக்கம் அரை விரல் உயர்ந்தே நின்றது. ஜோசப்பின் உட்காருகிற பக்கம். ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். அங்கே மூட்டை எதையும் வைக்க மனசு வரவில்லை. இனிமேல் வண்டி இந்த நிலையில்தானே ஓடும்? ஸ்பேனரைப் போட்டு, இருந்தபடியே இறுக்கினார்.

வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சுது. லாட்ஜில விட்டுடறேன்."

கடைத் தெரு வழியே வண்டி போனது. பள்ளம் வந்தது, வேகத்தடை வந்தது. சத்தமே இல்லை. பாப்பா மடியில் தூங்கிவிட்டாள். லாட்ஜ் வாசலில் லாரன்ஸ் பிரேக்கை மிதித்தார். ரீட்டா இறங்கவில்லை.

"அரிசி வாங்கியிருக்கியே, குழம்புக்கு இன்னா இருக்குது வீட்ல?"

"கத்திரிக்கா இருக்குது."

"அப்ப நேரா போ நைனா."

இரண்டு நாள் இருந்தாள். திங்கட்கிழமை பஸ் ஏற்றிவிட்டு லாரன்ஸ் தனியே திரும்பினார். கல்லுப் பாதை முழுக்க வண்டி ஒரு சத்தமும் போடவில்லை. காலியான சீட்டுகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகவே ஓட்டினார்.

அவ்வளவுதான் கண்ணுங்களா. சைக்கிளோ, பைக்கோ, காரோ, உங்க வீட்டு வண்டியில ஏற வேண்டிய ஆளுங்க எல்லாரும் ஏறி, அவங்கவங்க இடத்துல உட்காரணும். புறப்பட்டவங்க அத்தனை பேரும் சுகமா உங்க வாசலுக்குத் திரும்பி வந்து சேரணும். உங்க குடும்பம் நல்லா இருக்கட்டும்.