சின்னவர்

அப்பாவின் கண்ணுக்கு இளைய பிள்ளை சின்னவர் தெரியாமல் போனது ஒரு திங்கட்கிழமை காலையில். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார். குளியலறைக் கதவு தானாகத் திறந்தது, ஈரக் காலடிகள் மட்டும் கூடத்தைக் கடந்தன, கொடியில் கிடந்த துண்டு எழுந்து போனது. அம்மா அந்தத் துண்டைப் பார்த்து, தலையை நன்றாகத் துவட்டச் சொன்னாள்.

முந்தின நாள் சாப்பிடும்போது சின்னவர் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். தான் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்தே அப்படித்தான். இனி தன்னை ‘அவன்’ என்று சொல்ல வேண்டாம், ‘அவள்’ என்று மாற்றவும் வேண்டாம், ‘அவர்’ போதும். சின்னவர் ஃபிரிட்ஜ் பழுது பார்க்கிறவர், எதையும் சுற்றி வளைக்காத ஆள். காலமெல்லாம் பேருந்து ஓட்டிய அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மாவிடம் சொன்னார்: “நான் பெத்த பிள்ளைக்கு நானே மரியாதை போட்டுப் பேசணுமாம். சின்னவனுக்குப் புத்தி பிசகிப்போச்சு.”

அம்மாவின் பார்வைக்கு ஒரு குறையும் வரவில்லை. அவள் பிள்ளையைப் பற்றிப் பேசியதைவிடப் பிள்ளையிடம் பேசியதே அதிகம். ‘நீ’ என்பதில் ஆண் ஏது, பெண் ஏது. ‘அவர்’ அவள் வாயில் சீக்கிரமே படிந்துவிட்டது. அப்பாவோ பிள்ளையிடம் நேராகப் பேசியே பல காலம் ஆகியிருந்தது. அவன் சாப்பிட்டானா, அவன் வந்துட்டானா, எல்லாம் அம்மா வழியாகத்தான். தெருவிலும் இதே கதை. எதிர்வீட்டு அத்தை சின்னவரை ‘அவள்’ என்றே சொல்வேன் என்று அடம்பிடித்தார். சின்னவர் பழுது பார்க்கப் போனபோது அத்தை வீட்டு ஃபிரிட்ஜின் ஸ்குரூக்கள் தாமாகக் கழன்று தரையில் படுத்தன, கம்ப்ரசர் மிதந்து வெளியே வந்தது. அவனா அவளா என்று அத்தையும் அப்பாவும் வாசலில் நின்று மல்லுக்கட்டினார்கள். நடுவில் சின்னவர் கருவிப் பையோடு வழிக்குக் காத்து நின்றது இருவருக்குமே தெரியவில்லை.

வருடங்கள் ஓடின. அப்பாவுக்குக் குரலும் கேட்காமல் போனது. குடும்பப் படங்களில், கல்யாணமாகிப் போன அக்காவுக்குப் பக்கத்தில், வெறும் சுவர் இருந்தது. காலி நாற்காலியைக் கடக்கையில் அப்பாவின் முழங்கை வெதுவெதுப்பான தோளில் இடிக்கும். ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை. சின்னவரும் வீட்டைவிட்டுப் போகவில்லை. அப்பாவின் மாத்திரை தீருமுன் வாங்கி வைத்தார். அம்மாவிடம் ஒரே ஒருமுறை சொன்னார்: “அப்பா என்னைத் தாண்டிச் சுவரைப் பாக்குறாரும்மா. சில நாள் நானே கண்ணாடியில போய்ப் பாத்துக்குறேன், இருக்கேனான்னு.”

அக்காவின் பிரசவத்துக்கு அம்மா போயிருந்தபோது, நட்டநடுப் பகலில், அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இரண்டு கைகள் அக்குளில் நுழைந்து அவரைத் தூக்கின. கைகள் தெரியவில்லை; விரல் அழுந்திய குழிகள் மட்டும் தோலில் தெரிந்தன. சத்தம் கேட்டு ஓடிவந்த அத்தை, தூக்கிவிட்டது யார் என்று கேட்டார். ‘அவன்’ என்ற சொல் அப்பாவின் நாக்கு நுனிவரை வந்தது. தோளைப் பற்றியிருந்த விரல்கள் பிடியைத் தளர்த்தவில்லை.

“சின்னவர்,” என்றார் அப்பா. “அவர்தான் தூக்கினாரு.”

முதலில் விரல்கள் வந்தன, நகத்தடியில் கறுப்பு எண்ணெயோடு. பிறகு தோள், கழுத்து, கடைசியில் முகம். காதோரம் இளநரை கண்டிருந்தது.

“இளைச்சுட்டியே,” என்றார் அப்பா. அத்தைக்கு, அவர் சுவரோடு பேசுவதாகத்தான் பட்டது.

பழைய பழக்கம் ஒரே நாளில் போகுமா? இப்போதும் அக்காவிடம் தொலைபேசியில் பேசும்போது அப்பாவுக்கு நாக்கு தவறும். டீ டம்ளர் மட்டும் கூடத்தின் நடுவே அந்தரத்தில் நிற்கும். ‘அவர்’ என்று திருத்திக்கொண்டு கையை நீட்டுவார். டம்ளரைப் பிடித்த கை வந்துவிடும். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற காரியம் என்பதால், அந்த வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.