‘ஆமாம்’ என்று அமுக்கியவன்

அண்ணனை அறுவை அரங்குக்குள் தள்ளிக்கொண்டு போனதும் தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதே மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். சும்மா உட்கார்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, தொண்டைப் பிரிவின் சர்வர் அறைக்குள் போய்ப் புகுந்துகொண்டான்.

அங்கே ஒரு வேலை பாக்கி கிடந்தது. சர்வரின் சி டிரைவில் ஊசி குத்த இடமில்லை. பக்கத்து டி டிரைவ் பாதிக்கு மேல் காலி. டியில் இருப்பதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிட்டு, டியை அழித்து, அந்த இடத்தை சியோடு சேர்த்துவிட்டால் தீர்ந்தது. புத்தியுள்ளவன் எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு செய்வான். நம் ஆள் அப்படியா? சின்ன வயதிலிருந்தே அண்ணன் அவனைக் கூப்பிடுவது முந்திரிக்கொட்டை என்றுதான்.

டியில் இருந்தவை குரல்கள். குரல்வளையை எடுக்கப்போகிறவர்கள், அதற்கு முன்னால் பேசிப் பதிந்து வைத்துவிட்டுப் போகிற குரல்கள். அண்ணனுடையதும் அதில்தான் இருந்தது. இன்றோடு அது அவர் தொண்டையில் இருக்காது.

நகலெடுக்கும்போது, ஒரு கோப்பு வேறெங்கோ திறந்திருக்கிறது, எடுக்க முடியவில்லை என்று திரை சொன்னது. ‘விட்டுவிடு’ என்பதை அமுக்கினான். வழக்கமாக அமுக்குவதுதான், ஏதாவது உருப்படாத கோப்பாக இருக்கும். டியை அழிக்கப் போனால், யாரோ இதைப் பயன்படுத்துகிறார்கள், பரவாயில்லையா என்று கேட்டது. ‘ஆமாம்’ என்று அமுக்கினான். திரையில் டி இருந்த இடத்தில் ஒரு கறுப்புப் பட்டை வந்து நின்றது.

கதவு திறந்தது. அண்ணி, கழுத்தில் ஹெட்போனோடு நின்றாள். பக்கத்து அறையில் அண்ணனின் பதிவில் இரைச்சலை நீக்கிக்கொண்டிருந்த குரல் பயிற்சியாளர், அண்ணி கேட்கட்டும் என்று அதைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

“அவர் பேசிட்டே இருந்தார், பாதியில நின்னுடுச்சு. கொஞ்சம் என்னன்னு பாக்குறியா?”

வெளி டிஸ்க்கைத் திறந்தான். ஊரார் குரலெல்லாம் இருந்தது. அண்ணன் பெயரிட்ட ஃபோல்டர் மட்டும் காலி. சர்வர் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அது உள்ளேயே போய்விட்டது.

“அண்ணி, நான் அழிச்சுட்டேன்.”

அவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“இனிமே அவரை மறுபடி பேசச் சொல்ல முடியாதே.”

தப்பிக்க ஒரே ஒரு வழி மிச்சமிருந்தது. டியை இன்னும் சியோடு சேர்க்கவில்லை. அழித்தது விலாசத்தை மட்டும்தான். மேலே வேறெதுவும் எழுதப்படாதவரை உள்ளே இருந்தது அங்கேயே கிடக்கும். ‘சேர்’ என்ற கட்டளைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது மவுஸ் அம்பு. கையை வெடுக்கென்று எடுத்தான். மீட்பு மென்பொருளை வெளி டிஸ்க்கிலிருந்தே ஓட்டினான். யார் யாருடைய குரலோ ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. அண்ணனுடையது மட்டும் வரவே இல்லை. அண்ணி அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தாள்.

கடைசியில், பெயர் தொலைந்துபோய் வெறும் எண்ணோடு ஒரு கோப்பு வந்தது. திறக்க அவனுக்குத் தைரியம் இல்லை. அண்ணிதான் அமுக்கினாள்.

“டேய் முந்திரிக்கொட்டை, நான் தொண்டையைச் செருமுறதுக்குள்ள அமுக்கிட்டியா?”

பதிவு செய்த அன்றும் பட்டனை அமுக்கியவன் அவன்தான். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரிக்கவும் சிரித்தாள்.

நர்ஸ் எட்டிப்பார்த்து, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, வந்து பார்க்கலாம் என்றார். அண்ணி ஓடினாள். இன்னொரு டிஸ்க்குக்கும் நகல் முழுதாய்ப் போய்ச் சேரும்வரை, தம்பி இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நகல் முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் கண் விழித்ததும் அவனைத் தேடுவார், பார்ப்பார். ஆனால் கூப்பிட மாட்டார். அந்த அறைக்குள் போக அவனுக்குப் பயமாக இருந்தது.