இரண்டு கையெழுத்து

சௌந்திரம் பதினான்கு வருஷமாகத் துணைச் செவிலியர்களுக்குப் பிரசவம் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவள். நாமக்கல் பக்கத்துப் பயிற்சிப் பள்ளி ஒன்றில் வேலை. பாடத்திட்டம் மெட்ராஸிலிருந்து வரும், பரீட்சைத்தாள் மெட்ராஸுக்குப் போகும். நடுவில் நின்ற அவளிடம், நீ என்ன நினைக்கிறாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

கேட்டவர் டாக்டர் சண்முகவேல். 1979 ஆவணியில் சேலத்தில், மருத்துவத் துறை ஆசிரியர்களுக்கு நாலு நாள் பயிற்சி நடந்தது. ஆசிரியர்கள் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, கூடிச் சேர்ந்து ஆராய்ச்சியும் பண்ண வேண்டும் என்றார் அவர். டெல்லியில் படித்துவிட்டு வந்திருந்தார்.

"புஸ்தகத்துல இருக்கற கேள்வி வேண்டாம். உங்கள உறுத்துற கேள்வி ஒண்ணு சொல்லுங்க."

சௌந்திரம் எழுந்தாள்.

"எங்க பொண்ணுங்க பிரசவம் பார்த்த ஊட்லயும் கொழந்தைங்க ரண ஜன்னில போயிருதுங்க. படிச்ச கைதானுங்களே, அப்புறம் ஏன்?"

தொப்புள்கொடி அறுத்த புண் வழியாக வரும் டெட்டனஸைத்தான் அவள் ரண ஜன்னி என்றாள். டாக்டர் அந்தக் கேள்வியை அப்படியே பலகையில் எழுதினார். தன் வாயிலிருந்து வந்த வார்த்தை அத்தனை பேர் முன்னால் சுண்ணாம்புக்கட்டியில் நின்றதைப் பார்க்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

மூன்று பேர் குழு அமைந்தது: டாக்டர், சௌந்திரம், சுகாதார ஆய்வாளர்களுக்குப் பாடம் எடுக்கும் ஹபீப். டாக்டர் சேலத்தில் இருந்துகொண்டு கேள்வித்தாள் தயாரித்தார். மற்ற இருவரும் ஞாயிறுதோறும் மோகனூர் பக்கம் ஊர் ஊராக நடந்தார்கள். கரும்பு வெட்டு நாட்களில் வீட்டில் ஆள் இருக்காது. கரும்புக் காட்டுக்கே போய்க் கேட்டார்கள். ஆண்களிடம் ஹபீப் பேச்சுக் கொடுப்பார், சௌந்திரம் பெண்களிடம் உட்காருவாள். "மூணு நாள் நல்லா பால் குடிச்சுதுங்க. நாலாம் நாள் வாயே தொறக்கல. தொட்டா வில்லாட்டம் வளைஞ்சுக்கிச்சு" என்று சொல்லும்போது சிலர் அழுதார்கள். சிலருக்கு அழவும் வரவில்லை. எட்டு மாதத்தில் பதினோரு சாவு தெரியவந்தது. அதில் ஏழு, பயிற்சி பெற்ற பெண்கள் கையில் பிறந்த குழந்தைகள்.

அந்த ஏழில் இரண்டு மாரக்காள் பார்த்த பிரசவம். மாரக்காள் சௌந்திரத்தின் மாணவி, வகுப்பில் முதலாவதாக வந்தவள். அவள் வேலை பார்த்த துணைச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது மாரக்காள் ஒளிக்கவில்லை.

"புது பிளேடு இல்லைங்க டீச்சர். பழசையே கொதிக்க வெச்சுக் கொடிய அறுத்தேன்."

"கொதிச்சா அந்தக் கிருமி சாகாதுன்னு நான் சொல்லலையா?"

"சொன்னீங்க. தெரிஞ்சுதான் பண்ணுனேன். வலியெடுத்துக் கெடக்கறவள உட்டுட்டு எங்கீங்க போறது? பிரசவப் பெட்டி வேணும்னு மூணு கடுதாசி எழுதிட்டேன். இந்த வட்டாரத்துப் பெட்டியெல்லாம் உங்க ஸ்கூலுக்கே வந்துருச்சுன்னு பதில் வந்துச்சு."

பெட்டிகள் வந்திருந்தது சௌந்திரத்துக்குத் தெரியும். பிளேடும் நூலும் பஞ்சும் வைத்து மூடிய நூற்றைம்பது பெட்டிகள், மேலதிகாரிகள் வந்தால் அடுக்கிக் காட்டுவதற்கென்று பள்ளி அலமாரியில் இருந்தன. பிரித்துக் கொடுக்கலாமா என்று ஒருமுறை கேட்டாள். "இன்ஸ்பெக்ஷன் முடியட்டும்" என்றார் முதல்வர். இன்ஸ்பெக்ஷன் முடிந்தது, அவள் மறுபடி கேட்கவில்லை. அலமாரிச் சாவி அவள் பொறுப்பில்தான் இருந்தது.

திரும்பும் வழியில் ஹபீபிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சைக்கிளை நிறுத்தினார். "இதாம்மா நம்ம கேள்விக்குப் பதிலு. எழுதிருவோம்" என்றார்.

அவளே எழுதினாள். சேலத்தில் டாக்டர் அறையில் மூவரும் உட்கார்ந்தார்கள். டாக்டர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பெட்டி விஷயம் வேண்டாம். அது ஆராய்ச்சி இல்ல, புகார். டைரக்டர் ஆபீஸ்ல அனுமதியே கிடைக்காது. எட்டு மாச உழைப்பு வீணாப் போயிடும்."

"அத எடுத்துட்டா அந்தப் பொண்ணுங்க தலையில பழி விழும் சார்" என்றார் ஹபீப்.

"குழுன்னா ஒருத்தர் முடிவு கிடையாது. நீங்க சொல்லுங்க சௌந்திரம்."

அதே கனிவு, அன்றைக்குப் பலகை முன்னால் நின்று கேட்ட அதே குரல். மேஜை மேல் முதல் பக்கம் கிடந்தது. அவள் பேர் இங்கிலீஷில் டைப் அடிக்கப்பட்டிருந்தது. சாவி யாரிடம் இருந்தது என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள் என்பதும் அவளுக்கு உறைத்தது.

"பெட்டியெல்லாம் நான் பேசி அனுப்ப வெச்சர்றனுங்க. இப்போதைக்கு எடுத்தர்லாம்" என்றாள்.

ஹபீப் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அப்ப என் பேரையும் எடுத்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கட்டுரையில் இரண்டு கையெழுத்துதான் விழுந்தது.

மெட்ராஸ் மாநாட்டில் டாக்டர் அதைப் படித்தார், நல்ல கைதட்டல். பயிற்சி பெற்றவர்களின் கவனக்குறைவே சாவுகளுக்குக் காரணம் என்று அதில் ஒரு வரி இருந்தது. எழுதியது டாக்டர், திருத்தாமல் விட்டது சௌந்திரம். மூன்றாம் மாதம் அந்த வரியை மேற்கோள் காட்டி உத்தரவு வந்தது. நாலு பெண்களுக்கு வேலை போயிற்று, முதல் பேர் மாரக்காள்.

அதற்குப் பிறகுதான் சௌந்திரம் உண்மையை டைரக்டர் ஆபீஸுக்கு மனுவாக எழுதிப் போட்டாள். சாவி தன்னிடம் இருந்ததையும் சேர்த்தே எழுதினாள். விசாரணைக்கு வந்த அதிகாரி கட்டுரையை முன்னால் வைத்தார். "இதுவும் உங்க கையெழுத்து, மனுவும் உங்க கையெழுத்து. எதை நம்பறது?" முதல்வர் ஓய்வு பெற்றிருந்தார். அலமாரியிலேயே கிடந்த பெட்டிகளைத் திறந்தபோது பாதி பிளேடு துரு. சௌந்திரத்தைக் கெங்கவல்லிப் பக்கம் மாற்றினார்கள். நாலு பெண்களின் வேலை திரும்பி வரவேயில்லை.

1982 சித்திரையில் குமாரபாளையத்துக்கு மாரக்காளைத் தேடிப் போனாள். விசைத்தறிக் கொட்டகையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் வெளியே வந்தாள், ஏழு மாத வயிறு. வாங்க என்றாள். தண்ணீர் கொடுத்தாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"ஆஸ்பத்திரிலதான பெத்துக்குவே?"

"ஆமாங்க. ஊட்டுல வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்." மாரக்காள் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "அந்த ரெண்டு கொழந்தையும் கனவுல வருதுங்க. என் கைதானுங்களா டீச்சர்?"

"இல்ல சாமி. உன் கை இல்ல."

"அத அன்னைக்கு எழுதியிருக்கலாமுங்களே."

உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வாரேனுங்க" என்று மாரக்காள் உள்ளே போனாள். தன்னிடம் விடைபெற்றாளா, உள்ளே கூப்பிட்டவருக்குப் பதில் சொன்னாளா என்று சௌந்திரத்துக்கு விளங்கவில்லை. தறிச் சத்தத்தில் நின்றுகொண்டே இருந்தாள், பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள்.